செங்கல்லை நிற்க வைத்தால் சுவர் நிற்காதா? பசுமைக் கட்டுமானம் நம் தெருவுக்கு வராத கதை

திண்டிவனம் பக்கம் அரை கிரவுண்டு மனையில் வீடு கட்ட ஆரம்பித்தபோது என் அண்ணனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சுவரை எலிப்பொறிக் கட்டாகக் கட்ட வேண்டும். வேலை விஷயமாகத் திருவனந்தபுரத்தில் இரண்டு வருஷம் இருந்தவன் அவன். அங்கே அப்படிக் கட்டிய வீட்டில் வாடகைக்கு இருந்து, மே மாதத்திலும் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார முடிகிறதே என்று சொக்கிப்போய் வந்திருந்தான்.

மேஸ்திரிக்கு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினோம். தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “செங்கல்லைப் படுக்க வைச்சாத்தான் சார் சுவரு. நிக்க வைச்சா அது சீட்டுக்கட்டு” என்றார்.

வீடு கடைசியில் வழக்கம்போலத்தான் எழும்பியது. ஏன் என்று யோசித்தால் மேஸ்திரி மட்டும் காரணம் இல்லை. நம்மைப் போன்ற நாடுகளில் பசுமைக் கட்டுமானம் எங்கெங்கே சிக்கிக்கொள்கிறது என்பதை அந்த ஒரு வீட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் அந்தக் கட்டு என்னவென்று பார்த்துவிடுவோம். வழக்கமான 9 இஞ்சுச் சுவரில் செங்கல் படுத்திருக்கும், உள்ளே முழுக்கக் கல்லும் கலவையும்தான். எலிப்பொறிக் கட்டில் செங்கல்லை அதன் பக்கவாட்டில் நிறுத்துவார்கள். வெளிப்பக்கம் 3 இஞ்சு, உள்பக்கம் 3 இஞ்சு, நடுவில் 3 இஞ்சு வெற்றிடம். இரண்டு பக்கத்தையும் இணைக்க இடையிடையே ஒரு கல் குறுக்கே நிற்கும். மேலிருந்து பார்த்தால் சின்னச் சின்ன எலிப்பொறி வரிசையாக இருப்பதுபோலத் தெரியும், பெயர் அதனால் வந்தது. சுவரின் கனம் அதே 9 இஞ்சுதான். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு குறையும், கலவையும் குறையும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலைச் சீக்கிரம் உள்ளே விடாது.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, காந்தியைச் சந்தித்து, இந்தியாவிலேயே தங்கிவிட்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இதைக் கேரளத்தில் பரப்பினார். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் அவர் கட்டியது. ஐம்பது வருஷமாக மழையில் நனைந்துகொண்டு நின்றுகொண்டிருக்கிறது. ஆக இது புதுசும் இல்லை, பரிசோதனையும் இல்லை, செலவும் குறைவு. அப்படியிருந்தும் ஏன் நடக்கவில்லை?

வீடு இரண்டு தடவை எரிபொருள் குடிக்கிறது

பசுமைக் கட்டடம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கண்ணாடி மாளிகையும் மொட்டை மாடியில் சோலார் தகடும். விஷயம் அதைவிட எளிது. எந்த வீடும் இரண்டு தடவை எரிபொருள் குடிக்கிறது. கட்டும்போது ஒரு தடவை, குடியிருக்கும்போது வாழ்நாள் முழுக்க இன்னொரு தடவை.

கட்டும்போது குடிப்பதில் பெரும்பங்கு சிமென்ட், கம்பி, சுட்ட செங்கல் மூன்றுக்கும் போகிறது. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லைச் சுமார் 1450 டிகிரியில் சுட்டால்தான் சிமென்ட்டுக்கான மூலப்பொருள் கிடைக்கும். சுடும்போது 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லிலிருந்து 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. இது எரிபொருளின் புகை இல்லை, கல்லுக்குள்ளேயே இருந்த வாயு. சூளையை வெறும் சூரிய ஒளியில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ வெளியே வரத்தான் செய்யும். எரிபொருளின் புகை தனிக் கணக்கு. எல்லாம் சேர்த்து 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்குச் சுமார் 30 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளலாம். 1000 சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை என்பது எல்லா மேஸ்திரிகளும் வாய்க்கணக்காகச் சொல்வது. அப்படியென்றால் சிமென்ட்டில் மட்டும் 12 டன். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்ட்டிலிருந்து வருகிறது.

இரண்டாவது தடவை குடிப்பதை விளக்கவே வேண்டாம். மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு மேல் மாடியில் படுத்து, தலைக்கு மேலே இருக்கும் தளம் இன்னும் கொதிப்பதை உணர்ந்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டைத்தான் ஏசி போட்டு வெளியே தள்ளுகிறோம்.

இந்த இரண்டையும் குறைக்க வழிகள் பல உண்டு. எலிப்பொறிக் கட்டு ஒன்று. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில், கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லாத இடத்தில், பழைய மங்களூர் ஓட்டை வைத்து நிரப்பும் தளம் இன்னொன்று. செம்மண்ணில் 5 சதவீதம் சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திச் சூளையே இல்லாமல் செய்யும் மண்கல், அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் கல், சுண்ணாம்புக் கலவை, மாடியில் வெள்ளை பூசுவது, மேற்கு வெயில் ஜன்னலில் விழாமல் பார்த்துக்கொள்வது என்று இன்னும் நிறைய. இதில் எதுவும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை.

சதுர அடி ரேட்

மேஸ்திரி விஷயத்துக்கு வருகிறேன். அவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கினால் கதையே தப்பாகிவிடும். முப்பது வருஷமாகக் கரணை பிடித்தவர். தூக்குக்குண்டு போடாமலே சுவர் சாய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அவர் மறுத்ததற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது.

நம் ஊரில் வீடு சதுர அடி ரேட்டில்தான் பேசப்படுகிறது. லேபர் கான்ட்ராக்ட் என்றால் சதுர அடிக்கு இவ்வளவு, எத்தனை நாள் ஆனாலும் அவ்வளவுதான். புதுக் கட்டில் முதல் பத்து வரிசைக்கு கொத்தனார் கை தடுமாறும், நாள் இழுக்கும். அந்தக் கூலி மேஸ்திரி கையிலிருந்து போகும். மிச்சமாகும் செங்கல்லோ வீட்டுக்காரருக்குச் சேரும். நஷ்டம் ஒருத்தருக்கு, லாபம் இன்னொருத்தருக்கு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் சீட்டுக்கட்டு என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்புறம் கல். எலிப்பொறிக் கட்டுக்குச் செங்கல் ஒரே அளவில் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் கிடைக்கிற நாட்டுச் செங்கல்லில் ஒன்று எட்டே முக்கால் இஞ்சு, ஒன்று ஒன்பதே கால். படுக்க வைத்துக் கட்டினால் கலவை அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும், மேலே பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. நிற்க வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மெஷினில் அறுத்த கல் வேண்டுமென்றால் தூரத்திலிருந்து லாரியில் வர வேண்டும், மிச்சம் பிடித்த காசு லாரி வாடகையில் போய்விடும்.

எலக்ட்ரீஷியன் வேறு இருக்கிறார். நம் ஊரில் முதலில் சுவர், அப்புறம் சுவரைக் கொத்திப் பைப். 3 இஞ்சு கல்லைச் சுத்தியலால் கொத்தினால் உடைந்து பொத்தல் விழும். எலிப்பொறிக் கட்டில் வயர் போகிற வெற்றிடம் தயாராகவே இருக்கிறது, ஆனால் ஸ்விட்ச் எங்கே வரும் என்று கட்டுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். வீடு கட்டிய யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஸ்விட்ச் போர்டு எங்கே என்று எப்போது முடிவு செய்தார்கள் என்று.

ஒரு சுவரை மாற்றப் போனால், செங்கல் சூளைக்காரர், கொத்தனார், எலக்ட்ரீஷியன், கூலி பேசும் முறை எல்லாம் சேர்ந்து மாற வேண்டியிருக்கிறது. கட்டுமான ஆய்வுகளில் ‘விழிப்புணர்வு இல்லை’, ‘திறன் இல்லை’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போகிற இடம் இதுதான். எனக்கு அந்த வரிமேல் கொஞ்சம் கோபம் உண்டு. விழிப்புணர்வு அண்ணனுக்கு வேண்டிய அளவு இருந்தது.

யார் முதலில் குதிப்பது

அண்ணன் வங்கியில் வீட்டுக்கடன் வாங்கியிருந்தான். கடன் ஒரே தவணையில் வராது. பேஸ்மட்டம் முடிந்தால் கொஞ்சம், லிண்டல் வந்தால் கொஞ்சம், தளம் போட்டால் கொஞ்சம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எலிப்பொறிக் கட்டு பற்றிச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “நாளைக்கு வித்தா இது விலை போகுமா?” அவர் படிவத்தில் இருந்த கட்டங்களில் இந்தச் சுவருக்கு இடம் இல்லை. கையெழுத்து ஒரு மாதம் தள்ளிப்போனால் வாடகையும் வட்டியும் சேர்ந்து ஏறும். அண்ணன் அங்கேயே பாதி மனம் மாறிவிட்டான்.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. சாதாரணச் சுவரில் விரிசல் விட்டால் “வீடுன்னா விரிசல் வரத்தான் செய்யும்” என்பார்கள். புது முறையில் மயிரிழை விரிசல் வந்தாலும் “அப்பவே சொன்னேனே” என்று ஊரே சொல்லும். சம்பளக்காரன் வாழ்நாளில் ஒரு வீடுதான் கட்டுகிறான், அதுவும் இருபது வருஷக் கடனில். அவனைப் போய் முதல் ஆளாகக் குதிக்கச் சொன்னால் எப்படி? அதனால்தான் இந்த மாதிரி வீடுகள் பண்ணை வீடுகளாகவும் ரிசார்ட்டுகளாகவும் தென்படுகின்றன. தோற்றாலும் தாங்கிக்கொள்ளக்கூடியவர்கள் கட்டுகிறார்கள். ஏழைகளுக்காக யோசித்த முறை வசதியானவர்களின் ரசனையாகிவிடுகிறது.

வாடகைக்கு விடும் வீட்டில் இன்னொரு சிக்கல். வெயில் தாங்கும் தளம் போடும் செலவு வீட்டு ஓனருக்கு, கரண்ட் பில் குறைவது குடித்தனக்காரருக்கு. ஓனர் எதற்குச் செலவு செய்யப் போகிறார்?

பூசாத சுவரும் அம்மாவும்

கடைசி ஆணியை அடித்தது அம்மா. எலிப்பொறிக் கட்டை வெளியே பூசாமல் விட்டால்தான் முழு லாபம், அழகும் அதில்தான் என்று அண்ணன் விளக்கினான். “பூசாத வீட்டுக்குப் பொண்ணு கேட்டு யாருடா வருவாங்க? பணம் பத்தாம பாதியில நின்னுபோச்சுன்னு நினைப்பாங்க” என்றார் அம்மா.

சிரிக்க வேண்டாம். கூரை வீடு, ஓட்டு வீடு, மச்சு வீடு, தார்சு வீடு என்று வீட்டின் பெயரிலேயே அந்தஸ்து இருக்கிற ஊர் இது. கூரை வீட்டிலிருந்து தார்சு வீட்டுக்கு ஏற ஒரு குடும்பத்துக்கு இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். ஏறி வந்தவர்களிடம் போய் மண்ணுக்குத் திரும்புங்கள் என்றால் யார் கேட்பார்கள்?

பழைய மண்வீட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சுவரை வருஷா வருஷம் பூசி, தரையை வாரத்துக்கு இரண்டு தடவை சாணி போட்டு மெழுகியது யார்? பெண்கள்தான். கறையானோடும் ஒழுகலோடும் மல்லுக்கட்டியதும் அவர்கள்தான். மொசைக் தரைக்கு என் பாட்டி கொடுத்த மரியாதையை எந்தப் பசுமைக் கொள்கையாலும் குறைத்துவிட முடியாது.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள குணமும் இல்லை. எகிப்தில் லக்சார் அருகே, பழைய கல்லறைகளின் மேல் குடியிருந்தவர்களை இடம் மாற்ற 1940களில் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி சுடாத மண்கல்லில் புது குர்னா என்ற ஊரையே கட்டினார். குவிமாடமும் வளைகூரையுமாக அத்தனை அழகு. ஆனால் பெரும்பாலானவர்கள் போகவில்லை. பிழைப்பு பழைய இடத்தில் இருந்தது, போதாக்குறைக்குக் குவிமாடம் அவர்கள் கண்ணுக்குச் சமாதி போலத் தெரிந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் கட்டடக் கலைஞர் ஃபிரான்சிஸ் கெரே தன் சொந்த ஊரான காண்டோவில் களிமண்கல்லில் பள்ளிக்கூடம் கட்டப் போனபோது, மழைக்கு மண் நிற்காது என்று முதலில் சந்தேகப்பட்டவர்கள் அவர் ஊர்க்காரர்களே. 2001இல் அந்தப் பள்ளி கட்டி முடிந்தது. மண்கல்லில் கொஞ்சம் சிமென்ட் கலந்து, மழை சுவரில் படாதபடி தகரக் கூரையை அகலமாக நீட்டி, கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே காற்று ஓட வழி விட்டிருந்தார். 2022இல் அவருக்குக் கட்டடக் கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அவர் ஊர்க்காரப் பிள்ளை என்பதும், ஊராரே கல் அறுத்துக் கட்டினார்கள் என்பதும் அங்கே பெரிய வித்தியாசம்.

எங்கள் பக்கமும் பாருங்கள். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989 முதல் அழுத்திய மண்கல்லில் ஆராய்ச்சி செய்து, பல நாட்டுக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. அங்கிருந்து எங்கள் ஊர் ஒரு மணி நேரத் தூரம். அந்தக் கல்லை அடுக்கிப் பழகிய கொத்தனார் ஒருவரை எனக்குத் தெரியும். தன் வீட்டைச் சூளையில் சுட்ட சேம்பர் செங்கல்லில்தான் கட்டினார். “அது வெள்ளைக்காரங்க கேக்கற வீடு தம்பி” என்றார்.

அரசாங்கம் எந்தப் பக்கம்

சாதிவாரி சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு (2011) வீடு கட்டிய பொருளை வைத்துக் கச்சா (உறுதியற்றது), பக்கா (உறுதியானது) என்று பிரித்தது. மண்சுவரும் சுடாத கல்லும் கச்சா. அந்தக் கணக்கை வைத்துத்தான் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஏழை என்று காட்ட மண்சுவர், ஏழ்மை தீர்ந்தது என்று காட்ட கான்கிரீட். தமிழ்நாட்டில் 2011இல் வந்த திட்டத்தின் பெயரே ‘பசுமை வீடு’. 300 சதுர அடி, சூரிய மின்சாரத்தில் எரியும் ஐந்து விளக்குகள். கூரை மட்டும் கான்கிரீட்.

கிண்டல் செய்வது சுலபம். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். கோடை வந்தால் எங்கோ ஒரு குடிசைப் பகுதி எரிகிற செய்தி இன்றும் வருகிறது. எரியாத கூரை என்று அரசும் மக்களும் கான்கிரீட்டைக் கட்டிப்பிடிப்பதற்கு அந்தச் சாம்பல் ஒரு காரணம். மாற்றுப் பொருளைப் பேசுகிறவர்கள் தீ, மழை, புயல் மூன்றுக்கும் பதில் சொல்லாமல் வெறும் குளிர்ச்சியைப் பேசினால் எடுபடாது.

சட்டம் இல்லாமல் இல்லை. பெரிய வணிகக் கட்டடங்களுக்கு 2007இல் எரிசக்திச் சிக்கன விதிகள் வந்தன. குடியிருப்புகளுக்கு 2018இல் ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ வந்தது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்காக எழுதியது அது. ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர். ரெண்டு கிரவுண்டுக்கு மேல் வைத்திருப்பவரைத்தான் அது தேடி வந்தது. அரை கிரவுண்டுக்காரர், அதாவது நம் தெருவில் முக்கால்வாசிப் பேர், அதன் கண்ணிலேயே படவில்லை. அந்த வீடுகளுக்கு என்ஜினியர் வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி, மற்றதெல்லாம் மேஸ்திரியின் தீர்மானம்.

எது சுலபமாக நுழைந்தது

எல்லாமே தோற்றுவிடவில்லை. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தது. குடிநீர் இணைப்புக்கே ஆபத்து என்றதும் சில மாதங்களில் தெருவெல்லாம் பைப் இறங்கியது. வீட்டில் எதையும் மாற்ற வேண்டாம், மாடித் தண்ணீரைக் கிணற்றுக்கோ குழிக்கோ திருப்ப வேண்டும், பிளம்பருக்குத் தெரிந்த வேலை. அதனால் நடந்தது. வடிகட்டியை வருஷம் ஒருமுறை கழுவுவது யார் வேலை என்று சட்டம் சொல்லித் தரவில்லை, அதனால் நிறைய குழிகள் மண் மூடிக் கிடக்கின்றன. அது வேறு கதை.

இன்னொன்று யாருமே கவனிக்காமல் நுழைந்தது. கடையில் வாங்கும் சிமென்ட் மூட்டையில் PPC (போர்ட்லாண்ட் பொசோலானா சிமென்ட்) என்று போட்டிருந்தால் அதில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல். அதே கடை, அதே 50 கிலோ, கலவை போடும் விதமும் அதேதான். மேஸ்திரியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல்லையும் கலக்கும் எல்சி3 என்ற சிமென்ட்டும் அப்படி வரலாம். சென்னை, டெல்லி ஐஐடிகள் அதன் ஆராய்ச்சியில் பங்கெடுத்தன, கரியமில வாயுவை 40 சதவீதம் வரை குறைக்கக்கூடியது, இந்தியத் தரக் குறியீடு 2023இல் வந்தது.

மூட்டைக்குள் நடக்கும் மாற்றம் ஓடி வருகிறது. கொத்தனாரின் கைப்பழக்கமும் அம்மாவின் கௌரவமும் சேர்ந்து மாற வேண்டிய மாற்றம் நகர மாட்டேன் என்கிறது. என் அனுபவத்தில் பெரிய வித்தியாசம் இதுதான். ஆனால் மூட்டையை மட்டும் மாற்றினால் 400 மூட்டை 400ஆகவேதான் இருக்கும்.

அண்ணன் விடவில்லை. வீடு முடிந்து பின்பக்கம் ஆறுக்கு ஆறு அடியில் மோட்டார் ரூம் கட்ட வேண்டியிருந்தது. இதற்குக் கடனும் இல்லை, பெண் வீட்டார் எட்டிப் பார்க்கப் போவதும் இல்லை. மெஷின் கல் ஒரு சின்ன லோடு இறக்கினான். சதுர அடி ரேட் வேண்டாம், நாள் கூலி என்று பேசினான். மேஸ்திரி முதல் வரிசையை மூன்று தடவை கலைத்தார். நாலாவது வரிசையில் கை பிடிபட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் சுவரைக் கரணைப் பிடியால் தட்டிப் பார்த்தார், டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். கை வைத்து அழுத்தினார், தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார்.

அப்புறம் மீதியாகிக் கிடந்த கல்லை எண்ண ஆரம்பித்தார். 300க்கு மேல் இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார்.

“சரி சார், இதுக்கு ரேட் எப்படிப் பேசறது?” என்று கேட்டார்.